குற்றாலத்துக் கார்த்தேஜ் காசு

எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார்கள். 1961 ஆடியில் நான் ஒரு காசைப் பார்க்கப் போனேன். நண்பர் தபாலில் அனுப்பிய காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியில் ஒரு குதிரை, பின்னால் பேரீச்சை மரம். வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரத்துக் காசு! அந்த வணிகர்களின் காசு செங்கோட்டைக் கணவாய் வழியே இங்கு வந்ததென்று, காசைப் பார்க்காமலே பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அதைத் திங்களன்று ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்துப் பெயர் வாங்கினால், பள்ளி வாத்தியாரான எனக்குக் கல்லூரி வேலை.

சனி காலை 6.40க்குத் திருநெல்வேலியில் பஸ், ஒன்றரை ரூபாய். தென்காசியில் 8.30. அங்கிருந்து மூன்று மைலுக்குக் குதிரைவண்டி, முக்கால் ரூபாய். மேலகரம் தாண்டுவதற்குள் வண்டிக்காரரை நாலு தடவை விரட்டினேன்.

"ஏன் சார் இப்படிப் பறக்கிய? அருவி எங்கனயும் ஓடிப் போவாது" என்றார்.

காசு ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் வீட்டுப் பூசையறையில் இருந்தது. மறுபுறம் இருந்த பெண்முகத்தை அம்மன் என்று நம்பி, அவர் மனைவி வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்திருந்தார். அம்மன் மூக்கே தேய்ந்துவிட்டது.

"தோட்டத்தில் கிடைத்ததா அண்ணாச்சி?" என்றேன்.

"இங்கன எங்க கெடைக்கு? சண்டைக்குப் போனப்ப தூனிஸ் பக்கம் ஒருத்தன் தந்தான். நான் ஒரு பொட்டலம் தேயிலை குடுத்தேன்."

கார்த்தேஜ் இருந்ததே தூனிஸ் பக்கம்தான்; காசு கணவாய் வழியே வணிகரோடு வரவில்லை, இவர் பையில் வந்திருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணும்னா கெணறு தோண்டயில கெடச்சதுன்னு எழுதிக்கிடுங்க. நான் மறுக்க மாட்டேன்."

'மறுக்க மாட்டேன்' என்ற அந்தச் சொல் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. கார்த்தேஜ்காரர்கள் நெடுங்காலம் காசே இல்லாமல் பண்டமாற்றில் வணிகம் செய்தவர்கள். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கத்தான் காசு அடிக்கத் தொடங்கினார்கள். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் நானே அதை எழுதியிருந்தேன். சிப்பாய்க்கென்று அடித்த காசு, தேயிலைக்கு மாறி, இன்னொரு சிப்பாயிடம் வந்திருக்கிறது. மற்றப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத் திங்களன்று அந்தப் பக்கத்தையும் ஹவில்தார் சொன்னதையும் மட்டும் வாசித்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

பழங்காசு தேடிப் போகிறவர்கள், எங்கே கிடைத்தது என்று உடையவரிடம் முதலில் கேளுங்கள், எழுதுவது பிறகு. புளியைக் கிட்டவே கொண்டு போகாதீர்கள். குதிரைவண்டி இப்போது இல்லை, தென்காசியிலிருந்து டவுன் பஸ் உண்டு. ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வேலை கிடைக்காமல் போனதை எப்போதோ மறந்துவிட்டேன். அவ்வளவு தூரம் போய், சாரலில் நின்று, அருவியில் தலை நனைக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேனே, அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.