பியோனிகள் கருகியது புவனா அக்காவால் அல்ல

புவனா அக்கா இறந்த செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. நான் நாற்றுப்பண்ணை அலுவலகத்தில் இருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகள். "அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா, சுதா அக்கா. வேலைக்கெண்டு வெளிக்கிட்டவ. கதவடியிலை விழுந்தவ, பிறகு எழும்பேல்லை." மாரடைப்பு. வயது அறுபத்து மூன்று.

மதியத்துக்குள் முதலாளி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். 'எங்கள் நீண்டகால உதவிப் பணியாளர்' என்று இருந்தது. இருபத்தொரு வருடம் அந்தப் பண்ணையின் பியோனிப் பூ வயலைக் காப்பாற்றிய பெண்ணுக்கு முதலாளியிடம் இருந்த சொல் அவ்வளவுதான். பின்னேரம் டோர்ட்மண்ட் தமிழர்களின் குழுவில் உங்கள் அஞ்சலிகளை வாசித்தேன். பொறுமையின் வடிவம். அதிர்ந்து பேசாதவர். மன்னிக்க வேண்டும், அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. நான் அறிந்த புவனா அக்கா வரிசையின் ஒரு தலைப்பில் நின்று கத்தினால் மறு தலைப்பில் டிராக்டர் நின்றுவிடும்.

அந்தக் குரலை முதலில் கேட்டது நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டின் ஏப்ரலில். வாடிக்கையாளர் ஒருவரின் கட்டளைத்தாளோடு வயலுக்குப் போயிருந்தேன். சிவப்புத் தளிர்கள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஒன்று மட்டும் தலை சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தப் போனேன். "தொடாதை!" என்றார். "உந்தக் கையோடை மற்றதையும் தொடப்போறாய்." தளிரின் அடியை எனக்குக் காட்டினார். மண்ணை ஒட்டிய இடம் கறுத்து அழுகி, அதன்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூஞ்சணம் படிந்திருந்தது. மண்ணுக்குச் சற்றுக் கீழே வரை தோண்டி, நல்ல பகுதி தெரியும்வரை வெட்டினார். வெட்டியதைப் பையில் போட்டுக் கட்டினார். கத்தியை மதுசாரத்தில் துடைத்த பிறகுதான் அடுத்த செடிக்குப் போனார்.

"மருந்து அடிச்சால் சரிவராதா?" என்று கேட்டேன்.

"மருந்து வராமல் தடுக்கும். வந்ததைச் சுகப்படுத்தாது. அழுகினதை வெட்டத்தான் வேணும். காலமை அடியிலை மட்டும் தண்ணி விடவேணும், இலையிலை படக்கூடாது. காத்துப் போக இடம் விடவேணும். எல்லாத்தையும்விட, இலையுதிர் காலத்திலை தண்டையும் இலையையும் நிலத்தோடை வெட்டி வெளியிலை கொண்டுபோகவேணும். ஒரு துண்டும் வயலிலை கிடக்கக்கூடாது. விளங்குதே?"

நாலு வருடங்களுக்கு முன் பண்ணை தந்தையின் கையிலிருந்து மகனுக்கு மாறியது. புதிய முதலாளி ஒரு அரைக்கும் இயந்திரம் வாங்கினார். அந்த ஒக்டோபரில், வெட்டிய பியோனித் தண்டுகளை அதில் அரைத்து வரிசைகளுக்கு இடையிலேயே பரப்பச் சொன்னார். குப்பை ஏற்றும் வேலை மிச்சம், மண்ணுக்கும் நல்லது என்றார். அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் இங்கே ஜேர்மனியில் பள்ளிக்கூடம் போனவள். என் டொச் நல்ல டொச்.

"இவரிட்டைச் சொல்லு, இது மடைவேலை. நோயை அரைச்சு விதைக்கிறார். மே மாதம் மொட்டெல்லாம் கருகும்."

நான் முதலாளியிடம் திரும்பி, "இதனால் நோய் வரக்கூடுமோ என்று திருமதி புவனா சற்று யோசிக்கிறார்" என்றேன். அவர் சிரித்து, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பதினேழு வருடம் ஒரு நாட்டில் வேலை செய்தவருக்கு அதன் மொழி விளங்காது என்று நான் எப்படி நினைத்தேன்? "நான் யோசிக்கேல்லை, சுதா. எனக்குத் தெரியும் எண்டு சொன்னனான். நான் சொன்னதைச் சொல்லு. உனக்குச் சொல்லப் பயமெண்டால் பயமெண்டு சொல்லு."

அடுத்த மே மாதம் முழுக்க மழை. பட்டாணி அளவு மொட்டுகள் கறுத்துக் காய்ந்தன. பெரிய மொட்டுகள் பழுப்பாகி, ஈரப் பஞ்சு போலத் தொங்கின. வாங்கிப்போனவர்கள் தொட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். முதலாளி எல்லோரையும் பொதிகட்டும் கொட்டகையில் கூட்டினார். அழுக்கான கத்திகளால் நோய் பரவியிருக்கிறது, சிலருக்குச் சுத்தம் என்றால் என்னவென்று இன்னும் விளங்கவில்லை என்றார். சிலர் என்று சொன்னபோது அக்காவைப் பார்த்தார்.

நான் அங்கே இருந்தேன். ஒக்டோபரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அக்காதான் எழும்பினார். தன்னுடைய உடைந்த டொச்சில், முப்பது பேருக்கு முன்னால், "நான் சொன்னது. இலையுதிர் காலம். நீங்கள் கேட்கவில்லை. என் கத்தி சுத்தம்" என்றார். ஒரு சொல்லுக்கும் இலக்கணம் சரியில்லை. அன்று அந்தக் கொட்டகையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அந்த வாரமே அவருக்கு ஆப்மானுங் கொடுத்தார்கள். வேலை போவதற்கு முந்திய எச்சரிக்கைக் கடிதம். 'கருவிகளைச் சுத்தம் செய்யாமல் நோயைப் பரப்பியமை.' அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். அவரைத் தொட்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள்.

யூன் மாதம் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் வந்தார். செடிகளைப் பார்ப்பதற்கு முன் குனிந்து வரிசைக்கு இடையில் கிடந்த அரைத்த தண்டுகளைக் கையில் அள்ளினார். அந்தத் துண்டுகளில் எள்ளுப் போலக் கறுப்பு மணிகள் ஒட்டியிருந்தன. "குளிர்காலம் முழுக்கப் பூஞ்சை இங்கேதான் இருந்திருக்கிறது. யார் இதை இங்கே பரப்பியது?" என்று கேட்டார். அடுத்த இலையுதிர் காலத்தில் சுவரில் ஒரு அறிவித்தல் வந்தது: எல்லாத் தண்டுகளையும் நிலத்தோடு வெட்டி அகற்ற வேண்டும், உரக்குழியிலும் போடக்கூடாது. கீழே முதலாளியின் பெயர். அக்காவை ஒரு சொல்லும் இல்லாமல் வயலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அவர் அந்தச் செடிகளைத் தேற்றியெடுத்தார்.

கடிதத்தை மட்டும் யாரும் திருப்பி எடுக்கவில்லை. "விடுங்கோ அக்கா, எல்லாம் சரியாப் போச்சுத்தானே" என்று நானும் சொன்னேன். எனக்கு என்மேலேயே கோபம் வரும் இடங்களில் இதுவும் ஒன்று. "என்ன சரியாப் போச்சு? பூ சரியாப் போச்சு. என்ரை பேர் அந்தத் தாளிலை கிடக்கு. நாளைக்கு ஆரும் கோப்பைத் திறந்து பாத்தால் நான்தான் நோயைப் பரப்பினவள்." அதை நீக்கக் கேட்டு மூன்று முறை எழுதினார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை.

செத்தவீட்டுக்கு முதலாளி வந்திருந்தார். அமைதியான, நன்றியுள்ள பெண் என்று என்னிடம் சொல்லிக் கையைப் பிடித்தார். அடுத்த திங்கட்கிழமை அவருடைய அறைக்குப் போய் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அவர் இறந்துவிட்டாரே, சுதா. இனி யாருக்கு அது தேவை?" என்றார். எனக்கு என்றேன். அவருடைய மகளுக்கு என்றேன். "நோயைப் பரப்பியது நீங்கள். பழியைச் சுமந்தது அவர்" என்றேன். அவர் முகம் சிவந்தது. நீ நிதானமானவள் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

ஆகவே, அக்காவை அறிந்தவர்களே, பொறுமையானவர் என்று இனி எழுதாதீர்கள். அவர் பொறுக்கவில்லை. தனக்கு நடந்தது அநியாயம் என்று தெரிந்து, அதைக் கடைசி நாள்வரை விடாமல் கேட்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கோபத்தைத்தான். அது ஆற வேண்டும் என்று எனக்கு விருப்பமில்லை. எச்சரிக்கையை நீக்கக் கேட்டு அவர் எழுதிய கடிதத்தை இன்று காலை நாலாவது முறையாக அனுப்பினேன். அவர் சொன்ன ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கீழே கையெழுத்து என்னுடையது.