எங்கள் ஊரைப் பற்றி யாரோ எழுதிய ஒரு வரி

தருமபுரி மாவட்டத்தில், இண்டூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அங்கே என் வயதுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். எனக்கும் தங்கைக்கும் உண்டு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பல். சிலருக்கு முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

தங்கைக்குப் பெங்களூரிலிருந்து வரன் வந்தது. அவர்களும் எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது கன்னடம். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு பையனின் அம்மா போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல பரம்பரையா எலும்பு நோய் இருக்குதாமே. நெட்ல கன்னடத்துல போட்டிருக்குது."

அம்மா ஸ்பீக்கரில் இருந்த போனை என்னிடம் நீட்டினார். நான் தருமபுரியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர்.

"அது தண்ணியால வர்றதுங்க. பரம்பரை நோயில்ல" என்றேன்.

"நீங்க அப்படிச் சொல்றீங்க. அதுல வேற மாதிரி இருக்குதே."

அவர் படித்தது, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம். அதன் தமிழ்ப் பதிப்பில் நானும் எழுதுகிறேன், பெரும்பாலும் ஏரிகளைப் பற்றி. எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை.

கடையில் என்னோடு வேலை செய்பவளின் வீட்டில் கன்னடம்தான். அவள் படித்துப் பார்த்து, தமிழ்ப் பக்கத்திலிருந்து அப்படியே மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்றாள். தமிழ்ப் பக்கத்தின் பழைய திருத்தங்களைப் பார்த்தேன். 'நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால்' என்றிருந்ததை யாரோ அழித்துவிட்டு 'பரம்பரையாக வரும் எலும்பு நோயால்' என்று மாற்றியிருந்தார். அந்தப் பயனர் கணக்கிலிருந்து வேறு எந்தத் திருத்தமும் இல்லை. அந்த வரியை ஒரு செய்தித் தளம் எடுத்துப் போட்டிருந்தது. பிறகு வேறொருவர், நல்லெண்ணத்தில்தான், அந்தச் செய்தியையே வரிக்கு ஆதாரமாகச் சேர்த்திருந்தார்.

நான் திருத்தினேன். சாயங்காலமே அது பழையபடி ஆகிவிட்டது. 'செய்தி ஆதாரம் உள்ளது. உங்கள் மாற்றத்துக்கு ஆதாரம் எது?' என்று ஒரு பயனர் கேட்டிருந்தார். நானும் மற்றவர்களிடம் அப்படித்தான் கேட்பேன். என் பல்லை ஆதாரமாகக் காட்ட முடியாது. அரசின் நிலத்தடி நீர் அறிக்கையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வரி முதலில் வந்தது, செய்தி பிறகு வந்தது என்பதையும் தேதியோடு விளக்கினேன். அவர் ஒத்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டார்.

கன்னடப் பக்கத்தில் கடைத் தோழியை எழுதச் சொன்னேன். அங்கே கவனிப்பார் குறைவு. பதில் வரவே பல நாள் ஆனது.

அதற்குள் தங்கை பையனுக்கே போன் போட்டுவிட்டாள். "உங்கம்மா கேட்டதுல தப்பில்லைங்க. இன்னொரு தரம் வந்து ஊரையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள்.

தாயும் மகனும் வந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் தன் இரண்டு பெண்களோடு வந்திருந்தார். அவர் பல்லில் என்னைவிடக் கறை அதிகம். ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த அந்தப் பெண்களுக்குக் கறையே இல்லை. அந்த அம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரம்பரைன்னா இந்தப் புள்ளைங்களுக்கும் வந்திருக்கணுமே" என்றார்.

நான் எடுத்து வைத்திருந்த அறிக்கையை அவர் கடைசிவரை பிரிக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, நிச்சயத்துக்குப் பாதிரியாரிடம் எப்போது பேசலாம் என்று கேட்டார்.

கல்யாணம் நடந்தது. மறு வருடம் தங்கை மாசமாக இருந்தபோது பெங்களூர் மருத்துவமனையில் நர்ஸ் சொந்த ஊர் கேட்டிருக்கிறார். போனில் தேடிவிட்டு, "உங்க பக்கம் எலும்பு நோய் பரம்பரையா வருமாமே?" என்றாராம். இந்தத் தடவை ஆங்கிலப் பக்கம். அதையும் திருத்தினேன். ஆனால் அதற்கு முன்பே எடுத்துப் போட்டுக்கொண்ட தளங்கள் நிறைய.

"இன்னும் எங்கெங்க இருக்குதுக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"தெரியலடி" என்றேன்.

எழுதியவர் யார் என்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் யாரும் இடம் வாங்கக் கூடாதென்று அடுத்த ஊரில் மனை விற்கிறவர்கள் செய்த வேலை என்று அப்பா சொல்கிறார். அதற்கும் ஆதாரம் இல்லை.