பதினாலாம் நம்பர் சீட்டு

1996 மார்ச். பாரிஸ் ஃபேஷன் வாரத்தில், ஒரு கூடத்தின் கடைசி வரிசையில் சாராள் நின்றிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். ஓசூரில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கர். கழுத்தில் தொங்கிய பார்வையாளர் பாஸ் கல்லாய்க் கனத்தது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பிசிறு வெட்டி, தையல் பார்த்து, சரியென்று பட்டால் செக்கர் தன் நம்பர் சீட்டை உடுப்பின் பையில் போட வேண்டும். சாராளின் நம்பர் பதினாலு. ஜனவரியில் ஒன்பது மாதிரிக் கோட்டுகள் அவள் மேசைக்கு வந்த வாரம் அவளுக்குக் கண்கட்டி. இமை வீங்கி மூடிக்கொண்டது. அந்த அவசரத்தில் லீவு கேட்க முடியாது. பக்கத்து மேசையிலிருந்த தங்கை ஜெயசெல்விதான் ஒன்பதையும் பார்த்து, அக்காவின் சீட்டைப் போட்டாள்.

கோட்டுகளை வாங்கிய வெள்ளைக்காரம்மா கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: பதினாலாம் நம்பரைப் பாரிஸ் நிகழ்ச்சிக்கு அழைத்து வாருங்கள்.

"போயிட்டு வாக்கா. வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றாள் செல்வி.

சாராள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயம் பாதிதான். விமானம் ஏறும் ஆசை மீதி.

இதோ, அந்தக் கோட்டுகள் மேடையில் வந்தன. அவள் கண் பழக்கத்தில் பிசிறு தேடியது. ஒன்றுகூட இல்லை. என் தங்கச்சி என்று நெஞ்சு நிமிர்ந்தது, மறுகணமே குறுகியது.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இந்த மாதிரி கண்ணை நான் பார்த்ததே இல்லைங்கறாங்க" என்றார் கூட வந்திருந்த கம்பெனி மேனேஜர் கங்கப்பன்.

"சார், அது என் கண்ணு இல்லைங்க. என் தங்கச்சி பார்த்தது."

கங்கப்பன் அவளை முறைத்தார். பிறகு அந்தம்மாவிடம் சிரித்தபடி இங்கிலீஷில் எதையோ சொன்னார்.

"நீ தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிட்டேன். ஓசூர்லயும் இதையே சொல்லு."

ஊர் திரும்பியபோது, ஓசூரை அடுத்த மத்திகிரி வாடகை வீட்டில் செல்வி அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நூல் எதுனா தொங்குச்சா?"

"ஒண்ணுகூட இல்லடி." சாராள் பாஸைக் கழற்றி நீட்டினாள். "இது உன்னுது."

"உம்பேருதான போட்டிருக்கு!"

செல்வி சிரித்தாள். பெயர் உள்பக்கம் போகும்படி அதைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே இடுப்பில் கை வைத்து நடந்து, திரும்பி நின்றாள்.

"இப்படித்தான நடந்தாங்க? கை தட்டுக்கா!"

சாராளுக்குக் கை எழவில்லை.