மணலில் கிடைத்த தாலி

இன்று காலை ஆக்லாந்து மிஷன் பே கடற்கரையில், தகனினிப் பக்கம் இருக்கும் தமிழ் அண்ணர் ஒருவரைக் கண்டேன். காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர். புதுப் பொழுதுபோக்காம்.

"இஞ்ச பார் தம்பி, என்ன அம்பிட்டிருக்கு எண்டு!"

உள்ளங்கையில் புறா பொறித்த தாலி, கிறிஸ்தவர்கள் கட்டும் வேதக்காரத் தாலி.

"ஆரின்ர எண்டு விசாரிச்சனீங்களோ?"

"சும்மா இரடாப்பா. கடல் தந்தது. உருக்கி மகளுக்குத் தோடு செய்யப்போறன்."



போன கிழமைதான் எங்கள் ஆக்லாந்து முகநூல் குழுவில் மன்னார் அக்கா ஒருவர், இதே கடலில் குளிக்கும்போது தாலி நழுவிவிட்டதென்று அழாக்குறையாக எழுதியிருந்தார். புறாத் தாலி என்றும் சொல்லியிருந்தார். அதற்கு முதல் ஆளாகக் கைகூப்பி எமோஜி போட்டவரே இந்த அண்ணர்தான்.

அக்காவை இந்தப் பதிவில் டேக் செய்துவிட்டேன்.

அண்ணர், இதற்கும் ஒருக்காக் கைகூப்புங்கள், பார்ப்போம்.