ஆளுக்கொரு பேப்பர், நடுவில் ஒரு சுவர்

ஊர் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, அவரவருக்கு வேண்டிய கோபத்தைத் தனித்தனியாகச் சுருட்டி அவரவர் வாசலில் வீசிவிட்டு வருவதற்குப் பெயர்தான் பேப்பர் ஏஜென்ட் வேலை. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன். என்னைப் போலப் பேப்பர் போடுகிறவர்களும், மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில் அரசியல் பேசிச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தவர்களும் என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டாவது போங்கள்.

பேப்பர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்குப் பேப்பர் கட்டு வராது. ஒன்றை ஆளுங்கட்சிப் பேப்பர் என்றும் மற்றதை எதிர்க்கட்சிப் பேப்பர் என்றும் வைத்துக்கொள்வோம்.

போஸ்டர் மாட்டும் இடம்

தலைப்புச் செய்தி போஸ்டரைக் கடை முன்னால் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். ஒரு நாள் பட்ஜெட். ஆளுங்கட்சிப் பேப்பர் போஸ்டரில் மக்கள் மகிழ்ச்சி, பக்கத்திலேயே எதிர்க்கட்சிப் பேப்பர் போஸ்டரில் மக்கள் கொந்தளிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரே மக்களாக நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மா இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டையும் மறுபடி படித்தார். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இன்னாப்பா, இதுல எந்த ஊரு நம்ம ஊரு?"

சரவெடி

நான் பேப்பர் போடும் லைனில் ஒரே காம்பவுண்டு, நடுவில் இடுப்பளவு சுவர், இரண்டு பக்கமும் இரண்டு வீடு. ஒரு வீட்டில் முனிரத்தினம், பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி, ஆளுங்கட்சி. அடுத்த வீட்டில் அவருடைய மச்சான் ஏழுமலை, செல்போன் கடை, எதிர்க்கட்சி. முனிரத்தினத்தின் மனைவி சரோஜா, ஏழுமலைக்குக் கூடப் பிறந்த அக்கா. தேர்தல் வரைக்கும் இவர்கள் சுவர்மேல் டம்ளரை வைத்து ஒன்றாகக் காபி குடித்தவர்கள்.

ரிசல்ட் வந்த அன்று முனிரத்தினம் சந்தோஷம் தாங்காமல் சரவெடி கொளுத்தினார். கொளுத்திய இடம் மச்சான் வாசல். மறுநாள் தோற்றதற்குக் காரணம் சூழ்ச்சி என்று எதிர்க்கட்சிப் பேப்பர் எழுத, ஏழுமலை அதைச் சுவருக்கு மேலாகக் கேட்கும்படி உரக்கப் படித்தார். முனிரத்தினம் தன் பேப்பரை அதைவிட உரக்கப் படித்தார். அத்தோடு பேச்சு நின்றது, காபியும் நின்றது.

இதில் மாட்டிக்கொண்டது சரோஜாவின் பெண் யாழினி. திருத்தணி முருகனுக்கு முதல் மொட்டை வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். சரோஜாவுக்கு இருப்பதோ ஒரே தம்பி. அவனை எப்படிக் கூப்பிடுவது? முனிரத்தினம் கூப்பிட மாட்டார், கூப்பிடாமல் ஏழுமலை வர மாட்டார். குழந்தைக்கு முடி கண்ணை மறைத்து, தடுக்கி விழ ஆரம்பித்துவிட்டது. நான் பேப்பர் போடும்போது சரோஜா அதற்கு நெற்றியில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கே மனசு கேட்காது. ஒரு நாள் அவர் சொன்னார்: "யார் ஜெயிச்சா இன்னா ணா, எம் பொண்ணு தலதான் தோத்துப் போய்க் கெடக்குது."

லண்டன் போனாலும்

தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையரான சாமிநாதன் சார் மகள் பிரசவத்துக்காக லண்டன் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டு முடித்திருந்த சமயம். பொழுது போகாமல், தெருக்கோடியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வைத்திருந்த பேப்பர் கடையில் போய் நின்றுகொள்வாராம்.

"நம்ம ஊரு தேவலாம்யா" என்று ஒரு நாள் என்னிடம் ஆரம்பித்தார். ஒரே ஓட்டெடுப்பு. ஒரு பேப்பர் விடுதலை கிடைத்த மாதிரி கொண்டாடுகிறது, பக்கத்துப் பேப்பர் எழவு வீடு மாதிரி அழுகிறது. விலகலாம் என்கிற பெரியவர் வந்தால் தன் பேப்பரை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியம்மா வந்து கவிழ்ந்ததை நிமிர்த்தி, நிமிர்ந்ததைக் கவிழ்ப்பார். விசாரித்தால் இருவரும் புருஷன் பெண்டாட்டி. ஓட்டுப் போட்ட நாளிலிருந்து ஒருவர் ஹாலில் டீ குடிக்கிறார், இன்னொருவர் சமையலறையில்.

சாமிநாதன் சாருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கும் பேப்பரை மாத்திக் குடுத்துப் பாருமேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம்: "ஐயா, நீங்கள் ஆறு மாசத்தில ஊருக்குப் போயிடுவியள், நான் இஞ்சதானே கடை நடத்தோணும்."

வேண்டுமென்றே எதிரி

மணவூரிலிருந்து தினம் வேலைக்கு வரும் ஒருவர், சட்டைப் பையில் ஆளுங்கட்சித் தலைவர் படம் வைத்திருப்பவர், எதிர்க்கட்சிப் பேப்பரைத்தான் வாங்குவார். சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து அதை ஒவ்வொரு வரியாகத் திட்டிக்கொண்டே போவதாகக் கேள்வி. உங்க கட்சிப் பேப்பர் இருக்கும்போது இதை எதற்கு வாங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "நம்முளுது படிச்சா அரக்கோணம் தாண்டறதுக்குள்ள தூங்கிடறேன் சார்."

சரோஜாவின் யோசனை

லண்டன் கதையைச் சரோஜாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவரு பயந்தாரு. நீங்களும் பயப்படணுமா ணா?" என்றார். பேப்பர் மாறி விழுந்தால் இருவரும் சுவருக்கு மேல் கை நீட்டி மாற்றிக்கொள்ளத்தானே வேண்டும், கை நீட்டினால் ஒரு வார்த்தை வராமலா போகும் என்பது அவர் கணக்கு. எனக்கு இரண்டு வாடிக்கை போய்விடும் என்ற பயம். ஆனால் குழந்தை அப்போது பார்த்து மறுபடி தடுக்கி விழுந்தது. மறுநாள் மாற்றிப் போட்டேன்.

கணக்கு தப்பு. கை நீட்டினால் தோற்றதாக அர்த்தமாம். முனிரத்தினம் எதிர்க்கட்சிப் பேப்பரைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கட்டு மாறிப்போச்சு என்றேன். ஏழுமலை வந்தார், அவரிடமும் அதையே சொன்னேன். அடுத்த நாளும் மாறிப்போச்சு. அதற்கடுத்த நாள் யாரும் வரவில்லை. சுவரைத் தாண்டிக் கை நீட்டுவதைவிட எதிரியின் பேப்பரைப் படிப்பதே மேல் என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவெடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து முனிரத்தினம் என் காதோரம் குனிந்தார்: "யாராண்டயும் சொல்லாத, சினிமாப் பக்கம் அவனுங்கதான் நல்லாப் போடறானுங்க."

முதல் வரிசை

அந்த மாதக் கிருத்திகை அன்று எதிர்க்கட்சிக் கூட்டம். பைபாஸ் ஓரம் பந்தல், நாற்காலி, மோர். பேச வேண்டியவர் வரத் தாமதம். கொளுத்துகிற வெயிலில் மலையிலிருந்து இறங்கிய பக்தர்கள் நிழலைப் பார்த்ததும் கும்பலாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பந்தல் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். மோருக்காக நானும் போயிருந்ததால் கண்ணால் பார்த்தேன். எதிர்க்கட்சிப் பேப்பர்க்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு பஸ் வந்தது, மொட்டைகள் எல்லாம் எழுந்து போயின. அப்புறம்தான் ஆளுங்கட்சிப் பேப்பர்க்காரர் வந்து படம் எடுத்தார்.

மறுநாள் அந்த இரண்டு வாசலிலும் வழக்கம்போலப் பேப்பரை மாற்றிப் போட்டுவிட்டு, மொபெட்டில் ஏதோ ரிப்பேர் போலக் குனிந்துகொண்டேன். முதலில் ஏழுமலையின் சத்தம்: "காலி நாற்காலியா? அண்டப் புளுகு! அத்தினி பேர் உக்காந்துகினு இருந்தாங்க!" சுவருக்கு இந்தப் பக்கம் முனிரத்தினம் மக்கள் வெள்ளம் என்ற படத்தை விரித்துப் பார்த்தபடியே வாசலுக்கு வந்தார். யாரைப் பார்த்தும் சொல்லாமல், வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "உக்காந்துகினுதான்யா இருந்தாங்க! எங்க நைனாவே மொத வரிசையில குந்திகினு கீறாரு!"

ஏழுமலை சுவரில் தொற்றி அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார். எதிர்க்கட்சிக் கொடிக்கு நேர் கீழே, புது மொட்டையும் சந்தனமுமாக, கையில் மோர் டம்ளரோடு முனிரத்தினத்தின் அப்பா. இவர்கள் சண்டையில் பேத்தியின் மொட்டை தள்ளிக்கொண்டே போகிறதே, அதுவரைக்கும் என் முடியையாவது எடுத்துக்கோ முருகா என்று மலைக்குப் போய்வந்தவர். "பாவா" என்று அக்கா புருஷனைக் கூப்பிட்டார் ஏழுமலை. அத்தனை மாதத்தில் முதல் வார்த்தை அது. "உங்க நைனா எங்க கட்சில சேர்ந்துட்டாரு பாவா!" முனிரத்தினம் முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் மொபெட்டை மறந்து நிமிர்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு வெளியே வந்த பெரியவர் படத்தைப் பார்த்தார். ஒன்றும் பதறவில்லை: "தாகமா இருந்துச்சு, குடிச்சேன். எந்தக் கட்சி மோருன்னு நான் கேக்கல."

மாமன் மடி

அந்த வாரமே மலைக்குப் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். யாழினி மாமன் மடியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். விழுந்த முதல் கொத்து முடியைச் சரோஜா கையில் ஏந்திக்கொண்டார்.

அதற்குள் முனிரத்தினம், "இருந்தாலும் மச்சான், நைனாவக் கழிச்சிட்டா உங்க கூட்டம் காலிதான்" என்றார். ஏழுமலை குழந்தையை மடியில் வைத்தபடியே கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். சத்தம் ஏற ஏற மடியும் ஆடியது. மொட்டை அடிப்பவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்: "சார், கட்சியக் கீழ வுட்டுட்டு மடிய மட்டும் குடுங்க, கொழந்த தல ஆடுது."

இப்போதும் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் தினம் தப்பான பேப்பரைத்தான் போடுகிறேன். மறந்துபோய்ச் சரியானதைப் போட்ட அன்று இரண்டு பேரும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.