எரியாத விளக்கும் பொங்கிய குமிழியும்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாக உலைக்கு முன்னால் நிற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வெள்ளை ரசாயன மாவில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைக் குழைத்து, வில்லையாக அழுத்தி, நிமிஷத்துக்கு ஒரு டிகிரி என்று சூடேற்றுவாள். மணிகள் எரிந்துபோன இடமெல்லாம் துளையாக நிற்கும். துளைக்குள் தண்ணீர் நுழைந்து, மேலே வெளிச்சம் பட்டால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வரும்.

பேராசிரியருக்கு அந்தக் கொஞ்சம் பிடிக்காது. உலைக்கதவை எந்தப் பக்கம் திறப்பதென்று தெரியாத மனிதர், மேடை ஏறினால் சூரியனையே பிழிந்து ஊருக்கெல்லாம் எரிவாயு தருவதாக அளப்பார். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க அந்த மகானுடைய கையெழுத்துதான் வேண்டும். வீட்டில் கணவன் படுத்த படுக்கை.

அன்று பார்வையாளர்கள் வந்தார்கள். வில்லையைத் தண்ணீரில் போடுமுன் துளைகளில் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. அவருக்கு ஏது பொறுமை? காய்ந்த வில்லையைத் தானே எடுத்துக் குடுவைக்குள் போட்டார். விளக்கைப் போட அவள் ஸ்விட்ச்சில் கை வைத்தாள்; தட்டுவதற்குள் குமிழிகள் பொலபொலவென்று கிளம்பின.

"பாத்தீங்களா! இதாங்க ஹைட்ரஜன்!" என்று துள்ளினார் பேராசிரியர்.

அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. வெறும் காற்று! காய்ந்த செங்கல்லைத் தண்ணீரில் போட்டாலும் இதே கூத்துதான் நடக்கும்.

வந்தவர்களில் ஒரு அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "வில்லை செஞ்சது நீங்கதானே? நிஜமாவே இது ஹைட்ரஜன்தானா?"

பேராசிரியர் அவளை முறைத்தார்.

"ஆமாங்க மேடம்" என்றாள்.

கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். மறுநாளே கையெழுத்து வந்துவிட்டது.

அந்தப் படம் இப்போது வராந்தாவில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அவரை நினைத்துச் சிரிக்கலாம் என்றுதான் முதல் நாள் போய் நின்றாள். குடுவை நிறையக் குமிழி, அவர் முகமெல்லாம் பல். பக்கத்தில் விளக்கு எரியவே இல்லை. ஸ்விட்ச்மேல் சும்மா கிடக்கும் கை அவளுடையது.

தண்ணீர் பிடிக்க இப்போதெல்லாம் பின்வாசலைச் சுற்றித்தான் போகிறாள்.