பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறவன்

தை மாதக் கடைசி. குற்றாலத்தில் சீசன் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அருவி நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா சைக்கிள் மிதித்துக்கொண்டு பங்களாத் தெருவில் போனேன். எல்லா வீட்டிலும் பூட்டு. ஒரு வீட்டின் பூட்டில் மட்டும் சிலந்தி வலையே கட்டியிருந்தது.

அந்த வீட்டு முற்றத்துக் கொடியில் ஒரு பச்சைச் சேலை. ஈரம் சொட்டிக்கொண்டு.

பூட்டிய வீட்டில் குளித்தது யார்?

அவ்வளவுதான். வீடு திரும்பும்போது நாவலோடுதான் திரும்பினேன். மேலகரம் வருவதற்குள் முதல் அத்தியாயம் தயார்!

நாலைந்து நாளில் ஒரு அத்தியாயம் என்று ஓடியது. செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்ததும் அங்கிருந்து மாற்றலாகி வருகிற ஒரு குமாஸ்தா, குற்றாலத்தில் அந்தச் சேலையைப் பார்க்கிறான். தேடிக்கொண்டு உள்ளே போகிறான். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மாடி ஏறி, ஒரு மூடிய அறைக்கு முன்னால் நிற்கிறான். உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது...

யாருடைய காலடி? எனக்குத் தெரியவில்லை. பேனா நின்றுவிட்டது.

சித்திரை விசு வாரத்தில் நின்றது. நின்று நாற்பது நாளாயிற்று!

நாவலைப் பாதியில் விட்டவர்களுக்கு இது புரியும். ஆரம்பத்தில் ஆசை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. கடைசியில், முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தள்ளுகிறது. நடுவில்? நடுவில் யாரும் இல்லை. நாமும் ஒரு மேஜையும்தான். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். மேஜையை வடக்கே திருப்பினேன். மசியின் நிறத்தை மாற்றினேன். 'முடியும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். பல்லி அதன்மேல் உட்கார்ந்துகொண்டதுதான் மிச்சம்.

என் கையெழுத்தை டைப் அடித்துத் தருகிறவன் தென்காசி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் நண்பன் இசக்கி. அவன் சும்மா இருப்பானா?

"ஏலே, உன் ஆளு இன்னும் கதவு முன்னாலயா நிக்கான்? நாப்பது நாளா நின்னா கால் வீங்கிராதா? ஒரு நாற்காலியாவது எழுதிப் போடுல, உக்காரட்டும்!"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கே ஒரு முடிவுக்கும் வந்தேன். அந்தப் பங்களாவுக்கே போய் விசாரிப்பது. விஷயம் தெரிந்தால் எழுதி முடிப்பது. இல்லையென்றால் பதின்மூன்று அத்தியாயத்தையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவது. தை மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. உண்மை தெரிந்தால் கதை செத்துவிடுமோ என்று பயம். எந்தப் பங்களா என்று இசக்கியிடம்கூடச் சொன்னதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை போனேன். பட்டப்பகல் பதினோரு மணி. கொடியில் அதே பச்சைச் சேலை. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவளாம். பெயர் மாடத்தி.

"இந்தச் சேலை யாருதும்மா?"

"யாருதுமில்ல தம்பி. பழஞ்சேலை. சீசன் இல்லாத நாள்ல தெனம் காலையில நனைச்சுக் கொடியில போட்டுருவேன். துணி காயுத வீட்டுல ஆளு இருக்குன்னு கள்ளப்பய நெனைப்பாம்லா? இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான். அங்கன பாருங்க, அடுத்த வீட்டுல வேட்டி!"

பார்த்தேன். வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

போயிற்று என் நாவல்! கள்ளனை ஏமாற்றப் போட்ட சேலைக்கு நான் பதின்மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அடுப்புதான் கதி என்று சைக்கிளைத் திருப்பினேன்.

"அது இருக்கட்டும்... ஏன் தம்பி கொஞ்ச நாளா எழுதக் காணோம்?"

நின்றேன். "யாரை?"

"உங்களத்தான். மாடியில, கெழக்க பாத்த ஜன்னல்ல உக்காந்து எழுதுவீயளே. பேனா மூடிய ஒதட்டுல வச்சுக் கடிச்சுக்கிட்டு. வீட்டுக்காரவுக அனுப்பிச்ச ஆளுன்னு நெனச்சேன்."

பேனா மூடியைக் கடிப்பது என் பழக்கம். அம்மாவிடம் வாங்காத திட்டில்லை.

"நான் உள்ளே வந்ததே இல்லையேம்மா. நீங்கள்தானே சாவி வைத்திருக்கிறீர்கள்?"

"எங்கிட்டயா? முத்தத்துக் கேட்டுச் சாவிதான் எங்கிட்ட. வீட்டுச் சாவி மொதலாளிகிட்ட மதுரையில இருக்கு. ஒங்ககிட்ட ஒண்ணு குடுத்திருப்பாவன்னுல்லா நெனச்சேன்!"

இருவருமே வாசல் பூட்டைப் பார்த்தோம். சிலந்தி வலை அப்படியேதான் இருந்தது.

"கடைசியா எப்போது பார்த்தீர்கள்?" என்றேன்.

"விசுவுக்கு முந்துன நாளு. அன்னைக்கு எழுதல. எந்திரிச்சு, ஜன்னலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு அறைக்கதவயே பாத்துக்கிட்டு நின்னீய. வெளிய யாரோ வந்து நிக்க மாதிரி."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. மேலகரம் வரும்வரை சைக்கிள் பெடலை விட்டுக் காலை எடுக்கவில்லை.

இசக்கியிடம் சொன்னேன். "ஒன்ன மாதிரியே காஞ்சு போன எவனாவது இருப்பாம்ல" என்றான். அந்த வீட்டுச் சாவி? பூட்டில் சிலந்தி வலை? என்று கேட்டேன். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "அப்ப... கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கது நீதானால?" என்றான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

நாற்பது நாள் எனக்கு அகப்படாத விடை! குமாஸ்தா கேட்ட காலடி, அவனை எழுதிக்கொண்டிருப்பவனுடையது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். பதினான்காம் அத்தியாயம் பன்னிரண்டு பக்கம் வந்தது. எழுதும் உற்சாகத்துக்கு வழி கேட்டு எனக்குக் கடிதம் போடுகிற வாசகர்களே, நான் கண்ட மருந்து இதுதான் — பயம். கசப்புத்தான். ஆனால் சுவரில் ஒட்டிய காகிதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. கதவைத் திறக்கும் வரியை இன்னும் எழுதவில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, மேலகரத்தில் என் மேஜையில் உட்கார்ந்து அதை எழுதப் போகிறேன். அதே பத்து மணிக்கு இசக்கி பங்களா முற்றத்தில், மாடத்தி பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேர் கடிகாரத்தையும் இன்றே சரிபார்த்துவிட்டோம்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பேனாவைத் திறந்துவிடுவதாக இருக்கிறேன். அந்த வரியை மாடி ஜன்னல்காரர் எனக்கு முன்னால் எழுதிவிடக் கூடாது, பாருங்கள்!